வாய்க்காலை வகுத்தது யார்? உலக நீதி பற்றி ஓர் எளிய அறிமுகம்

எங்காவது போர் மூண்டால் முதல் இரண்டு நாளுக்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: "ஐ.நா. என்னதான் செய்துகொண்டிருக்கிறது?" மூன்றாம் நாள் பதிலும் வந்துவிடும்: "அது பல் பிடுங்கிய பாம்பு." ஒரு நாடு கடனில் மூழ்கினால் சர்வதேச நாணய நிதியம், அதாவது ஐ.எம்.எஃப்., வில்லன் ஆகிவிடும். இன்னொரு பக்கம் ஐ.நா.வை ஏதோ உலகத்துக்கே அரசாங்கம் போல நினைத்துக்கொண்டு, ஏன் அது உத்தரவு போடவில்லை என்று அங்கலாய்ப்பவர்களும் உண்டு.

இந்தப் பேச்சில் இருக்கும் கோபத்தைக் குறை சொல்ல மாட்டேன். யார் மேல் கோபம், எதற்காகக் கோபம் என்பதுதான் குழம்பிக் கிடக்கிறது. உலகம் அநியாயமாக இருக்கிறது என்பது ஒரு குற்றச்சாட்டு. உலக அமைப்புகள் அநியாயமாக இருக்கின்றன என்பது வேறு குற்றச்சாட்டு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் எங்கே திருத்தம் கேட்பது என்று தெரியும்.

கூலி கேட்பதும் உதவி கேட்பதும்

ஒரே நாளில் இரண்டு பேர் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர், "கையில் காசில்லை, ஏதாவது உதவி செய்யுங்கள்" என்கிறார். மற்றவர் போன வாரம் அதே வீட்டுக்கு வெள்ளையடித்தவர். கூலி பாக்கி, அதைக் கேட்க வந்திருக்கிறார். இருவருக்கும் ஒரே தொகையைக் கொடுத்து அனுப்புகிறோம். முதலாமவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். இரண்டாமவர் நன்றி சொல்லத் தேவையில்லை. கொடுக்காவிட்டால் முதலாமவருக்கு நாம் கருமி. இரண்டாமவருக்கு நாம் அவர் காசை வைத்திருக்கும் கடனாளி.

உலக நீதி என்ற பேச்சு தொடங்குவது இந்த இடத்தில்தான். பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குத் தருவது உதவியா, பாக்கியா? தங்கள் தேசிய வருமானத்தில் 0.7% உதவியாகத் தர வேண்டும் என்று பணக்கார நாடுகளுக்கு ஐ.நா. பொதுச் சபை இலக்கு வைத்தது 1970-ல். நார்வே, ஸ்வீடன் போன்ற சில நாடுகளே அந்தக் கோட்டைத் தொட்டிருக்கின்றன. மற்றவர்களை யாரும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது, ஏனென்றால் அதன் பெயரே உதவி.

பருவநிலை மாற்றத்தில் இந்தச் சொல் சண்டை வெளிப்படையாகவே நடந்தது. 2015-ல் பாரிஸ் ஒப்பந்தத்தை ஏற்றபோது, இழப்பும் சேதமும் பற்றிய அதன் பிரிவு எந்தப் பொறுப்புக்கும் இழப்பீட்டுக்கும் அடிப்படை ஆகாது என்று கூடவே ஒரு வரியை எழுதி வைத்துக்கொண்டார்கள். 2022-ல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் இழப்பு, சேதத்துக்கென ஒரு நிதியம் அமைக்க ஒப்புக்கொண்டார்கள். கடல் மட்டம் உயர்ந்து தரை கரையும் தீவு நாட்டுக்கு இனி அதிலிருந்து பணம் வரலாம். அது கூலியாக வராது, உதவியாகத்தான் வரும். தொகை ஒன்றாகவே இருந்தாலும், அடுத்த வருடம் கேட்டு வாங்கும் உரிமை அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது.

ஆகவே, உலக நீதி என்பதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: நாட்டு எல்லையைத் தாண்டி, யார் யாருக்கு எதைக் கடன்பட்டிருக்கிறார்கள் என்ற கணக்கு. இரக்கம் அதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அமைப்பு என்றால் கட்டடம் இல்லை

நியூயார்க்கில் ஐ.நா. கட்டடம் இருக்கிறது, வாஷிங்டனில் ஐ.எம்.எஃப். கட்டடம் இருக்கிறது. நாம் பேசும் அமைப்பு அந்தக் கட்டடமோ உள்ளே உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளோ இல்லை. அமைப்பு என்றால் விதிகளின் தொகுப்பு: யார் உள்ளே வரலாம், யாருக்கு எத்தனை ஓட்டு, எதை யார் தடுக்கலாம், விதியை மீறினால் என்ன, விதியை மாற்ற என்ன செய்ய வேண்டும்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதலில் கட்டி முடித்த பகுதியில் பத்து குடும்பங்கள் குடிவருகின்றன. தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி, பராமரிப்புப் பணம் எல்லாவற்றுக்கும் சங்க விதி எழுதுகிறார்கள். அதில் கடைசி விதி: முதல் மாடியில் இருக்கும் ஐந்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் சம்மதித்தால்தான் இந்த விதிகளை மாற்றலாம். அப்போது அது தவறாகத் தெரியவில்லை. கட்டுமானத்துக்கு அதிகம் பணம் போட்டவர்கள் அவர்கள்தான். பத்து வருடத்தில் குடியிருப்பு நாற்பது வீடாகிறது. புதிதாக வந்த முப்பது குடும்பங்களும் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே வந்தன, வேறு எங்கே போவது? இப்போது மேல்மாடியில் தண்ணீர் ஏறவில்லை. கூட்டத்தில் எல்லோரும் கைதூக்குகிறார்கள், ஐந்து பேரில் ஒருவர் தலையசைக்கவில்லை. கூட்டம் முடிந்தது.

இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த ஐந்து பேரும் நல்ல மனிதர்களாகவே இருக்கலாம், மேல்மாடிக்காரருக்குத் தங்கள் வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர்கூடக் கொடுக்கலாம். விதி அநியாயமாக இருப்பது வேறு, மனிதர் அநியாயமாக இருப்பது வேறு. வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்ற பழமொழியில் வல்லானின் குணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. வாய்க்கால் ஒருமுறை வெட்டப்பட்டுவிட்டால், வல்லான் தூங்கிக்கொண்டிருந்தாலும் தண்ணீர் அந்த வழியாகத்தான் ஓடும்.

கிழிக்கப்பட்ட காகிதம்

சரி, இப்போது நிஜமான குடியிருப்புக்கு வருவோம். 1945-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தை எழுதினார்கள். ஐ.நா. தொடங்கியபோது உறுப்பு நாடுகள் 51. இன்று 193. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பெரும்பகுதி அப்போது யாருக்காவது காலனியாக இருந்தது. அந்த மக்கள் விதி எழுதிய அறையில் இல்லை.

சாசனத்தின்படி போர், அமைதி பற்றிய கட்டுப்படுத்தும் முடிவுகளை எடுப்பது பாதுகாப்பு அவை. அதில் 15 நாடுகள். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்துக்கும் நிரந்தர இடம். மற்ற பத்து நாடுகள் இரண்டிரண்டு வருடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஒரு தீர்மானம் நிறைவேற ஒன்பது ஓட்டு வேண்டும், ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவரும் எதிர்த்து ஓட்டுப் போடக் கூடாது. அப்படி ஒரே ஓட்டில் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தைத்தான் வீட்டோ என்கிறோம். வேடிக்கை என்னவென்றால் சாசனத்தில் எங்கே தேடினாலும் வீட்டோ என்ற சொல் கிடையாது. நிரந்தர உறுப்பினர்களின் இசைவான ஓட்டுகள் வேண்டும் என்று மட்டும் மென்மையாக எழுதியிருக்கிறார்கள். அதே சாசனம் நிரந்தர உறுப்பினர் பட்டியலில் இன்றும் சோவியத் ஒன்றியம் என்றே சொல்கிறது. அந்த நாடு மறைந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எழுத்தைத் தொட்டுத் திருத்தாமலே ரஷ்யா அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

சின்ன நாடுகள் இதையெல்லாம் பேசாமல் ஏற்றுக்கொண்டன என்று நினைக்க வேண்டாம். சான் பிரான்சிஸ்கோவில் ஆஸ்திரேலியா முன்னால் நின்று வீட்டோவை எதிர்த்தது, பல நாடுகள் பின்னால் சேர்ந்துகொண்டன. அமெரிக்கக் குழுவில் இருந்த செனட்டர் டாம் கோனலி ஒரு கட்டத்தில் சாசன வரைவின் நகலை எல்லோர் முன்னாலும் கிழித்துக் காட்டினார். ஊருக்குப் போய் வீட்டோவைத் தோற்கடித்தோம் என்று சொல்லுங்கள், கூடவே சாசனத்தையும் கிழித்துவிட்டோம் என்று சொல்லுங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். வீட்டோ இல்லையென்றால் ஐ.நா.வே இல்லை. சின்ன நாடுகள் இரண்டையும் நிறுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டன.

அவர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய உலக அமைப்பான சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா சேரவே இல்லை. ஜப்பானும் ஜெர்மனியும் 1933-லும் இத்தாலி 1937-லும் வெளியேறின. பெரியவர்கள் வெளியே நின்ற சங்கத்தால் இரண்டாம் உலகப் போரைத் தடுக்க முடியவில்லை. ஆகவே வீட்டோ என்பது பெரியவர்களை வாசலைத் தாண்டிப் போகாமல் உள்ளே பிடித்து வைக்கக் கொடுத்த விலை. அந்த விலையைக் கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி.

2022 பிப்ரவரி 25 அன்று, உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானம் பாதுகாப்பு அவைக்கு வந்தது. 11 ஓட்டு ஆதரவு, 3 நாடுகள் விலகி நின்றன, எதிர்த்தது ஒரே ஒரு நாடு: ரஷ்யா. தீர்மானம் விழுந்தது. அந்த மாதம் அவைக்குத் தலைமை வகித்ததும் ரஷ்யாவே! 2023 டிசம்பர் 8 அன்று காசாவில் போர்நிறுத்தம் கோரும் தீர்மானத்துக்கு 13 ஓட்டு ஆதரவு, பிரிட்டன் விலகி நின்றது, எதிர்த்தது அமெரிக்கா மட்டும். அதுவும் விழுந்தது. இரண்டு முறையும் விஷயம் பொதுச் சபைக்குப் போனது. அங்கே நாட்டுக்கு ஓர் ஓட்டு, யாருக்கும் வீட்டோ இல்லை. உக்ரைன் தீர்மானத்துக்கு 141 ஓட்டும் காசா தீர்மானத்துக்கு 153 ஓட்டும் விழுந்தன. ஆனால் பொதுச் சபையின் இத்தகைய தீர்மானம் ஒரு வேண்டுகோள்தான், யாரையும் கட்டுப்படுத்தாது. "ஐ.நா. என்ன செய்துகொண்டிருக்கிறது?" என்ற கேள்விக்கு இப்போது கொஞ்சம் துல்லியமாகப் பதில் சொல்லலாம்: சொல்ல வேண்டியதைப் பெரும்பாலான நாடுகள் சொல்லிவிட்டன. செய்ய வேண்டிய அறையின் சாவி ஐந்து பேரிடம் இருக்கிறது.

சாவியைப் பிடுங்க வழி உண்டா? சாசனத்தைத் திருத்தலாம் என்கிறது 108-ம் பிரிவு. மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் ஆதரித்து, பிறகு அதே அளவு நாடுகள் தங்கள் சட்டப்படி உறுதிசெய்ய வேண்டும். அந்த உறுதிசெய்தவர்களில் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் இருந்தாக வேண்டும். வீட்டோவை ஒழிக்க வீட்டோ வைத்திருப்பவர்களின் சம்மதம் தேவை. 54 ஆப்பிரிக்க நாடுகளில் ஒன்றுக்கும் நிரந்தர இடம் இல்லாததும், இந்தியா, ஜப்பான், ஜெர்மனி, பிரேசில் நான்கும் பல வருடமாகக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பதும் இந்தப் பூட்டின் வெளிப்பக்கம்.

கழித்தல் என்ற சின்னக் கணக்கு

ஐ.நா.வில் அதிகாரம் நாற்காலியில் இருக்கிறது என்றால் ஐ.எம்.எஃப்.-ல் அது பணத்தில் இருக்கிறது. 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகள் கூடி ஐ.எம்.எஃப்.-ஐயும் உலக வங்கியையும் வடிவமைத்தன. அந்நியச் செலாவணி தீர்ந்து தடுமாறும் நாட்டுக்குக் கடன் கொடுப்பது ஐ.எம்.எஃப்.-ன் முக்கிய வேலை. ஒவ்வொரு நாடும் ஒரு பங்குத் தொகை கட்ட வேண்டும், அதற்குப் பெயர் கோட்டா. நாட்டின் பொருளாதார அளவை ஒட்டி கோட்டா, கோட்டாவை ஒட்டி ஓட்டு. எல்லா நாட்டுக்கும் சமமாகக் கொடுக்கும் அடிப்படை ஓட்டு என்று கொஞ்சம் உண்டு, மொத்தத்தில் அது சுமார் 5.5% தான்.

இப்போது கணக்கு. கோட்டாவை மாற்றுவது போன்ற பெரிய முடிவுகளுக்கு மொத்த ஓட்டில் 85% வேண்டும். அமெரிக்காவிடம் இருப்பது சுமார் 16.5%. நூறிலிருந்து அதைக் கழியுங்கள்: 83.5. உலகத்தில் மற்ற எல்லா நாடுகளும் ஒன்றுசேர்ந்து கை தூக்கினாலும் 85 வராது. இங்கேயும் வீட்டோ என்ற சொல் எங்கும் எழுதப்படவில்லை, கழித்தல் கணக்கில் ஒளிந்திருக்கிறது. 2010-ல் வளரும் நாடுகளுக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு தர ஒரு சீர்திருத்தத்தை ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் அதை 2015 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. ஒரு நாட்டின் உள்ளூர் அரசியல் ஐந்து வருடம் முரண்டு பிடித்ததால் உலகம் முழுவதும் காத்திருந்தது.

எழுதப்படாத விதியும் ஒன்று உண்டு. ஐ.எம்.எஃப்.-ன் நிரந்தரத் தலைவராக இதுவரை வந்தவர்கள் எல்லோரும் ஐரோப்பியர்கள். உலக வங்கியின் நிரந்தரத் தலைவர்கள் எல்லோரும் அமெரிக்கக் குடிமக்கள். எந்த ஒப்பந்தத்திலும் இது இல்லை. எண்பது வருடமாகத் தவறாமல் நடக்கிறது.

பணம் போட்டவருக்குத்தானே பேச்சு அதிகம் இருக்க வேண்டும், அதில் என்ன தப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு கம்பெனியில் பங்கு அதிகம் வைத்திருப்பவருக்கு ஓட்டு அதிகம். ஆனால் ஐ.எம்.எஃப். எடுக்கும் முடிவு யார் வீட்டில் போய் இறங்குகிறது என்று பாருங்கள். கடன் கொடுக்கும்போது, செலவைக் குறை, மானியத்தை வெட்டு, வரியை ஏற்று என்று நிபந்தனைகள் வரும். அந்த நிபந்தனையில் வாழப்போவது கடன் வாங்கிய நாட்டு மக்கள். அவர்களுக்கு ஓட்டு சிறுத்திருக்கிறது. அதிக ஓட்டு வைத்திருக்கும் நாடுகள் அங்கே கடன் வாங்கப் போவதே அபூர்வம். விதி எழுதுபவர் ஒருவர், விதியில் வாழ்பவர் வேறொருவர். என்னைக் கேட்டால், கம்பெனி உவமை முறிந்துபோவது இங்கேதான்.

2021 ஆகஸ்டில் ஒரு நல்ல காரியம் நடந்தது. பெருந்தொற்றால் அடிபட்ட நாடுகளுக்குத் தெம்பு தர 65,000 கோடி டாலர் மதிப்புள்ள இருப்புச் சொத்தை ஐ.எம்.எஃப். உருவாக்கிப் பகிர்ந்தது. சிறப்பு எடுப்பு உரிமை என்று அதற்குப் பெயர். அவசரத்துக்கு அதை டாலராகவோ யூரோவாகவோ மாற்றிக்கொள்ளலாம் என்பதற்கு மேல் நமக்குத் தேவையில்லை. பகிர்ந்தது கோட்டாவின்படி. 54 நாடுகள் கொண்ட ஆப்பிரிக்கா முழுவதற்கும் கிடைத்தது சுமார் 3,300 கோடி டாலர். அமெரிக்கா என்ற ஒரே நாட்டுக்கு சுமார் 11,300 கோடி. அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தண்ணீர் வாய்க்கால் வழியாக ஓடியது, அவ்வளவுதான்.

இதுவரை வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால் இரண்டு கேள்விகள் கையில் இருக்கின்றன. முதலாவது, விதி எழுதிய அறையில் யார் இருந்தார்கள்? இரண்டாவது, விதியை மாற்றும் சாவி யாரிடம்? இவை இரண்டும் நடைமுறை நியாயம் சம்பந்தப்பட்டவை, அதாவது முடிவெடுக்கும் முறை ஒழுங்காக இருக்கிறதா என்ற கேள்வி. முறை ஒழுங்காக இருந்தால் மட்டும் போதுமா? அடுத்த அமைப்பு அதைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம்.

வழக்கில் ஜெயித்த தீவு

உலக வர்த்தக அமைப்பு 1995-ல் தொடங்கியது. 166 உறுப்பினர்கள். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நியாயமான அமைப்பு இருக்க முடியாது. உறுப்பினருக்கு ஓர் ஓட்டு, நடைமுறையில் ஒருமித்த சம்மதத்தோடு முடிவு, தகராறு வந்தால் விசாரிக்கத் தனிக் குழு. சின்ன நாடும் பெரிய நாட்டை நிறுத்திக் கேள்வி கேட்கலாம்.

ஒரு தீவு அப்படிக் கேட்டது. கரீபியன் கடலில் ஆன்டிகுவா பார்புடா என்று ஒரு நாடு, மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கும் கீழே. இணையச் சூதாட்டத் தளங்களை நடத்துவது அங்கே முக்கியமான தொழில்களில் ஒன்றாக இருந்தது. அமெரிக்கா தன் சட்டங்களால் அதை அடைத்தது. சந்தையைத் திறந்துவிடுவதாக நீங்கள் கையெழுத்துப் போட்ட பட்டியலில் இதுவும் அடக்கம் என்று 2003-ல் ஆன்டிகுவா வழக்குப் போட்டது. 2005-ல் மேல்முறையீட்டிலும் முக்கியமான கேள்வியில் ஆன்டிகுவா பக்கம் தீர்ப்பு வந்தது. இந்தச் சூதாட்டம் நல்லதா கெட்டதா என்பதை விடுங்கள், விதிப்படி ஜெயித்தது யார் என்பதுதான் இங்கே விஷயம்.

ஜெயித்தவருக்கு என்ன கிடைக்கும்? உலக வர்த்தக அமைப்பிடம் போலீஸ் கிடையாது. தோற்ற நாடு திருந்தாவிட்டால் ஜெயித்த நாடு பதிலடி கொடுக்கலாம், அதாவது அந்த நாட்டுப் பொருள்மேல் கூடுதல் வரி போடுவது போன்ற நடவடிக்கை. ஆன்டிகுவா வருடத்துக்கு 344 கோடி டாலர் அளவுக்குப் பதிலடி கேட்டது. அமெரிக்கா 5 லட்சம் டாலர்தான் என்றது. 2007-ல் நடுவர் குழு 2.1 கோடி டாலர் என்று முடிவு செய்தது. சரி, அதை எப்படி வசூலிப்பது? அமெரிக்கப் பொருள்மேல் வரி போட்டால் விலை ஏறி அடிபடுவது தீவின் சொந்த மக்கள். அமெரிக்கப் பொருளாதாரத்துக்கு அது கொசுக்கடிகூட இல்லை. கடைசியில் அமெரிக்கக் காப்புரிமை, பதிப்புரிமைகளை அந்த அளவுக்கு மதிக்காமல் விடலாம் என்று 2013-ல் அனுமதி கொடுத்தார்கள். கையில் தீர்ப்பு, சட்டைப் பையில் அனுமதி, அதைப் பயன்படுத்தினால் பெரியண்ணன் என்ன செய்வாரோ என்ற பயம். வழக்கு தொடங்கிப் பத்து வருடம் தாண்டியும் தகராறு தீராமல் இழுத்தது.

பக்கத்திலேயே பருத்தி வழக்கை வைத்துப் பாருங்கள். தன் பருத்தி விவசாயிகளுக்கு அமெரிக்கா கொடுத்த மானியத்தை எதிர்த்து பிரேசில் 2002-ல் வழக்குப் போட்டு ஜெயித்தது. பிரேசில் பெரிய சந்தை, அதன் பதிலடி வலிக்கும். ஆகவே 2010-ல் அமெரிக்கா இறங்கி வந்தது. மானியத்தை நிறுத்தாமல், பிரேசில் பருத்தித் துறைக்கு வருடம் 14.7 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது! தன் விவசாயிக்குக் கொடுக்கும் மானியத்தைக் காப்பாற்ற அடுத்த நாட்டு விவசாயிக்கும் பணம். இதே மானியத்தால் விலை சரிந்து நொந்துபோன மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள் நான்கு உண்டு: பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி. பெனினும் சாடும் அந்த வழக்கில் மூன்றாம் தரப்பாக உட்கார்ந்தே இருந்தன. அந்த ஏற்பாட்டில் அவர்களுக்கு எதுவும் வரவில்லை.

விதி ஒன்றுதான், கை வேறு. எல்லோருக்கும் ஒரே சுத்தியலைக் கொடுத்துவிட்டு, சுவரை உடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது போன்றது. இதை விளைவு நியாயம் என்ற கேள்வி என்பார்கள்: விதி கடைசியில் யாருக்கு என்ன கொடுக்கிறது? நடைமுறை சமமாக இருந்தும் விளைவு சாயலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிய நீதிபதிகளை நியமிக்க அமெரிக்கா சம்மதிக்காததால் 2019 டிசம்பரிலிருந்து அந்த அமைப்பின் மேல்முறையீட்டுக் குழு செயல்படவில்லை. ஒருமித்த சம்மதம் என்ற விதியும் இப்படிப் பூட்டாக மாறலாம்.

நீதிமன்றங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் கதை ஒன்றுதான். பெயர் குழப்பத்தை மட்டும் தீர்த்துக்கொள்வோம். ஹேக் நகரில் இரண்டு நீதிமன்றங்கள் இருக்கின்றன. சர்வதேச நீதிமன்றம் நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவிலான வழக்கை விசாரிக்கும், அதுவும் இரு நாடுகளும் ஏதாவது ஒரு வழியில் சம்மதித்திருந்தால் மட்டும். சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றுக்காகத் தனி மனிதர்களை விசாரிக்கும். அது 2002-ல் இயங்கத் தொடங்கியது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா எதுவும் அதில் உறுப்பினர் இல்லை.

நிகரகுவா தொடுத்த வழக்கில் அமெரிக்கா சர்வதேசச் சட்டத்தை மீறியதாக சர்வதேச நீதிமன்றம் 1986-ல் தீர்ப்பளித்தது. தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லி நிகரகுவா போக வேண்டிய இடம் பாதுகாப்பு அவை. அங்கே வீட்டோ. குற்றவியல் நீதிமன்றத்திலும் பாதுகாப்பு அவைக்கு ஒரு பிடி உண்டு: உறுப்பினர் அல்லாத நாட்டின் விவகாரத்தையும் அது அனுப்பிவைக்கலாம். 2005-ல் சூடானின் டார்ஃபூரையும் 2011-ல் லிபியாவையும் அனுப்பியது. 2014-ல் சிரியாவை அனுப்பும் முயற்சியை ரஷ்யாவும் சீனாவும் தடுத்தன. அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றுக்கும், தாங்கள் சேராத நீதிமன்றத்துக்கு அடுத்தவரை அனுப்பும் அதிகாரம் இருக்கிறது, தங்களுக்கும் தங்கள் நண்பர்களுக்கும் அதே கதவை அடைக்கும் அதிகாரமும் இருக்கிறது.

துப்பாக்கி வைத்திருப்பவர் வாங்கிய கடன்

இப்போது கொஞ்சம் ஆழமான கேள்வி. நீதி என்ற சொல்லையே நாட்டு எல்லைக்கு வெளியே பயன்படுத்தலாமா? தத்துவ உலகில் இங்கே இரண்டு கட்சி. ஒரு நாட்டுக்குள் பொதுவான அரசு இருக்கிறது, அது நம்மிடம் வரி வாங்குகிறது, சட்டத்தை மீறினால் சிறையில் போடுகிறது, அதனால் அது எல்லோரையும் சமமாக நடத்தக் கடமைப்பட்டிருக்கிறது, உலகத்துக்கு அப்படி ஓர் அரசு இல்லாததால் இரக்கக் கடமை உண்டே தவிர நீதிக் கடமை இல்லை என்பது ஒரு கட்சி. எங்கே பிறந்தோம் என்பது யாரும் சம்பாதித்ததில்லை, அது வெறும் அதிர்ஷ்டம், ஆகவே நீதி எல்லையில் நின்றுவிட முடியாது என்பது மறு கட்சி.

ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1971-ல் பிரபலமாக்கிய சோதனை ஒன்று இங்கே உதவும். அறியாமைத் திரை என்று பெயர். நாம் யாராகப் பிறக்கப்போகிறோம் என்று தெரியாமல் ஒரு திரைக்குப் பின்னால் நின்று விதி எழுத வேண்டும். கேக்கை வெட்டுபவருக்குக் கடைசித் துண்டு என்றால் அவர் எப்படி வெட்டுவார், அப்படி. எந்த நாட்டில் பிறப்போம் என்று தெரியாமல் ஐ.எம்.எஃப். விதியை எழுதச் சொன்னால் 85% என்று எழுதுவோமா? சுவாரசியம் என்னவென்றால், ரால்ஸே தன் சோதனையை உலகம் முழுவதுக்கும் இந்த மாதிரி விரிக்கச் சம்மதிக்கவில்லை. திரைக்குப் பின்னால் தனி மனிதர்களை நிறுத்தாமல் மக்கள் சமூகங்களின் பிரதிநிதிகளை நிறுத்தினார். விரித்துக் காட்டியவர்கள் அவருக்குப் பின்னால் வந்தவர்கள்.

உலக அரசு இல்லை என்பதால் உலக விதி நம்மைத் தொடவில்லை என்ற வாதம் எனக்கு ஒட்டவில்லை. அதற்குக் காரணம் ஒரு சாதாரண வழக்கம். ஒரு நாட்டின் தலைநகரை யார் கையில் வைத்திருக்கிறாரோ, அவர் எப்படி வந்தவராக இருந்தாலும் சரி, அந்த நாட்டின் பெயரில் கடன் வாங்கலாம், அந்த நாட்டின் எண்ணெயையும் தாமிரத்தையும் விற்கலாம் என்று உலகம் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. மொபுட்டு 1965-ல் ராணுவப் புரட்சியில் காங்கோவைப் பிடித்தார், பிறகு நாட்டின் பெயரையே ஜயர் என்று மாற்றினார், 1997 வரை ஆண்டார். அவர் ஓடிப்போனபோது நாட்டின் தலையில் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் கடன் இருந்தது. அவர் சுரண்டினார் என்பது அவருடைய பாவம். அவர் போட்ட கையெழுத்து, அவரைத் தேர்ந்தெடுக்காத மக்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் கட்டுப்படுத்தும் என்பது உலக விதி. துப்பாக்கி வைத்திருப்பவர் அடுத்த வீட்டைத் திறந்து உள்ளே இருப்பதை விற்றால் வாங்கியவரை நாம் திருட்டுப் பொருள் வாங்கியவர் என்போம். நாட்டைத் திறந்து விற்றால் அது ஏற்றுமதி.

அப்படியானால் கலைத்துவிடலாமா?

இவ்வளவையும் படித்துவிட்டு, இந்த அமைப்புகளே வேண்டாம் என்று தோன்றலாம். அவசரப்பட வேண்டாம். விதியே இல்லாவிட்டால் ஆன்டிகுவா வழக்குப் போட்டிருக்கவே முடியாது. சங்கம் இல்லாத குடியிருப்பில் மோட்டார் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் தண்ணீர். வாய்க்கால் கோணலாக இருக்கிறது என்பதற்காக அதைத் தூர்த்துவிட்டால் கடைமடைக்காரருக்கு இப்போது வரும் தண்ணீரும் வராது.

அதோடு, நேராக வெட்டிய வாய்க்காலும் இருக்கிறது. ஓசோன் படலத்தைக் காப்பாற்ற 1987-ல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. குளிர்பதனப் பெட்டியிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட சில ரசாயனங்களைக் கைவிட வேண்டும். அவற்றை அதிகம் பயன்படுத்தி ஓசோன் படலத்தைக் கெடுத்தது பணக்கார நாடுகள், ஆகவே வளரும் நாடுகளுக்குப் பத்து வருட அவகாசம் கொடுத்தார்கள். மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு ஆகும் செலவுக்குத் தனி நிதியமும் அமைத்தார்கள். அந்த நிதியத்தை நடத்தும் குழுவில் 14 பேர்: ஏழு பேர் வளர்ந்த நாடுகளிலிருந்து, ஏழு பேர் வளரும் நாடுகளிலிருந்து. சம்மதம் எட்டாமல் ஓட்டுக்கு விட்டால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதிலும் இரு தரப்பிலும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டும். பணம் போட்டவர் பணத்தைக் காட்டி நசுக்க முடியாது, எண்ணிக்கையில் அதிகமுள்ளவர் எண்ணிக்கையைக் காட்டி நசுக்க முடியாது. எல்லா ஐ.நா. உறுப்பு நாடுகளும் அதில் சேர்ந்தன. ஓசோன் படலம் மெல்ல மீண்டு வருகிறது. கொஞ்சம் சலிப்பான ஓட்டு விதி என்று இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உலக நீதி பற்றி நான் யாருக்காவது ஒரே ஒரு உதாரணம் சொல்ல வேண்டும் என்றால் இந்த ஏழுக்கு ஏழைத்தான் சொல்வேன்.

ஓர் அமைப்பு நியாயமானதா என்று சோதிக்கக் கேட்க வேண்டியவை இதற்குள் எல்லாமே வந்துவிட்டன: எழுதிய அறையில் யார், ஓட்டின் எடையை எதை வைத்துக் கணக்கிட்டார்கள், விதியைப் பயன்படுத்தும் தெம்பு எல்லோருக்கும் இருக்கிறதா, மாற்றும் சாவி யாரிடம். ஐ.நா. பாதுகாப்பு அவை கடைசிக் கேள்வியில் மோசமாகத் தோற்கிறது. உலக வர்த்தக அமைப்பு மூன்றாவதில் தோற்கிறது. "எல்லாமே நாடகம்" என்று சொல்லும்போது இந்த வித்தியாசம் தொலைந்துவிடுகிறது.

கடைசியாக ஒரு செய்தி. ஐ.எம்.எஃப்.-ஐ நடத்தும் இயக்குநர் குழுவில் 24 நாற்காலிகள் இருந்தன. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்காக 2024 நவம்பரில் 25-வது நாற்காலி போடப்பட்டது, பல வருடக் கோரிக்கை அது. அந்த நாடுகளின் சார்பில் இப்போது இருவருக்குப் பதில் மூவர் உட்கார்ந்து பேசலாம். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் கோட்டாவை 50% உயர்த்த முடிவு செய்திருந்தார்கள், எல்லா நாட்டுக்கும் ஒரே விகிதத்தில். எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் உயர்த்தினால் பங்கு மாறாது. ஆகவே இருவரிடம் இருந்த அதே ஓட்டைத்தான் மூவரும் பிரித்துக்கொண்டார்கள்.